பாப்பா அழுகிற வீடியோ

ஜனவரி 6, செவ்வாய்

இந்த டைரி என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் கொடுத்தது. கட்டிங் மாஸ்டர்களுக்குப் புது வருசத்துக்கு ஒரு டைரியும் ஒரு டப்பா லட்டும் கொடுக்கிறார்கள். லட்டை நானும் மிதுனாவும் அன்றைக்கே தீர்த்துவிட்டோம். டைரி கிடந்தது. "எந்நேரமும் போன நோண்டறதுக்கு இதுல நாலு வரி எழுதலாமில்ல புள்ள" என்றார். சரி, எழுதுகிறேன். அதற்காகப் போனை நோண்டமாட்டேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்று மிதுனாவின் கோழிக்குஞ்சு செத்துப்போனது. சைக்கிளில் விற்க வந்தவரிடம் அடம்பிடித்து வாங்கிய ரோஸ் கலர் குஞ்சு. மிதுனாவுக்கு நாலு முடிந்து ஐந்து நடக்கிறது. அந்த வயதுக்குச் சாவு என்றால் என்ன தெரியும்? குஞ்சை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டி, "இது மூக்குல ஊதும்மா, எந்திரிச்சுக்கும்" என்றாள். ஊதியும் எழவில்லை. அப்புறம் அழுதாள் பாருங்கள், சத்தமே இல்லாமல், வாய் மட்டும் கோணிக்கொண்டு. போன் கையில்தான் இருந்தது, வீடியோ எடுத்தேன். பார்க்க அவ்வளவு பாவமாகவும் அவ்வளவு அழகாகவும் இருந்தது. சாயங்காலம் அதை ஆப்பில் போட்டுவிட்டுக் குழம்பு வைக்கப் போனேன்.

ஜனவரி 8, வியாழன்

லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். நான் போட்ட கோலம், நான் செய்த அரிசிப்பருப்பு சாதம், நான் ஆடிய ஆட்டம் எல்லாம் சேர்ந்து நூறு பேரைத் தாண்டியதில்லை. இது லட்சம்!

காங்கேயத்திலிருந்து கல்யாணமாகி இந்தத் திருப்பூர் லைன் வீட்டுக்கு வந்து ஆறு வருசமாகிறது. காலையில் கம்பெனி சங்கு ஊதினால் வரிசையில் உள்ள எல்லா வீட்டுக்கும் பூட்டு விழும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நான் பேசுவது குக்கரோடும், மதியம் எல்.கே.ஜி. விட்டு வருகிற பிள்ளையோடும்தான். இன்றைக்கு எங்கெங்கேயோ இருக்கிறவர்கள் "அக்கா, பாப்பாவைப் பார்த்து நானும் அழுதுட்டேன்" என்று எழுதுகிறார்கள். அக்கா என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மிதுனாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, கரும்பு கடிக்கிற வீடியோ எடுத்தேன். சிரித்துக்கொண்டே கடித்தாள். ஒரு ஈ, காக்காய் சீண்டவில்லை. "பாப்பா அழுகிற வீடியோ போடுங்க அக்கா" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். சிரிக்கிற பிள்ளைதான் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, அதை எதற்குப் பார்ப்பார்கள்?

ஜனவரி 19, திங்கள்

போன வாரம் வாங்கிய பச்சை நிறக் குஞ்சும் செத்துவிட்டது. அந்தச் சாயக் குஞ்சுகள் அப்படித்தான், நிலைக்காது. வெயிலில் வைத்ததால்தான் செத்தது என்கிறார் அவர். கூடையை நிழலுக்கு நகர்த்த மறந்துவிட்டேன், அவ்வளவுதான். ஒரு மனுசி எத்தனையை நினைவில் வைத்துக்கொள்வாள்?

வீடியோ முதலில் போட்டதைவிட நன்றாக ஓடுகிறது.

ஜனவரி 27, செவ்வாய்

அவர் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விசயம் இதுதான். "அப்பா நம்மள வேண்டாம்னு சொல்லீட்டு பஸ் ஏறிப் போயிட்டாருடா கண்ணு" என்று மிதுனாவிடம் ஒரு விளையாட்டுக்குச் சொன்னேன். எல்லாரும்தான் பிள்ளைகளிடம் இப்படி விளையாடுகிறார்கள், ஆப்பைத் திறந்தால் இதே வேலையாக இருக்கிறார்கள். மிதுனா அவர் செருப்பைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினாள். "செருப்புப் போடாம போயிட்டாரும்மா" என்று அழுதாள். கல்லும் கரையும். அதைப் போனில் யாரோ காட்டி, கம்பெனியில் எல்லாரும் அவரைக் கேலி செய்திருக்கிறார்கள். அந்தக் கோபம் என்மேல்.

நானும் ஒன்று புரிந்துகொண்டேன். ஒவ்வொரு தடவையும் பொய் சொல்லி அழவைப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, நான் என்ன ராட்சசியா? அதனால் மிதுனாவுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டேன். அம்மா போனைத் தூக்கினால் அழவேண்டும், இறக்கினால் நிறுத்திவிடலாம். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். போனைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. இப்போது யாருக்கும் வருத்தமில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை. என்ன கெட்டிக்காரி என் மகள்!

ஜனவரி 30, வெள்ளி

காலையில் பீரோக் கதவில் மிதுனாவின் விரல் மாட்டிக்கொண்டது. வீல் என்று கத்த வாயைத் திறந்தாள். போன் சார்ஜில் கிடந்தது. "இரு கண்ணு, இரு" என்றேன். நான் போனை எடுத்து வரும்வரை இருந்தாள். நகம் கறுத்துவிட்டது, மஞ்சள் பத்துப் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று மிதுனாவுக்குக் காதுகுத்து. வெள்ளகோவில் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில். கை ஓயும்வரை எழுதப்போகிறேன், வயிறு எரிகிறது.

என் அண்ணன் லோகநாதன் தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். காங்கேயத்தில் டயர் கடை வைத்திருக்கிறான். தட்டு வரிசையும் தங்கத் தோடுமாக ஒரு குறையும் வைக்கவில்லை. மிதுனாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பத்தர் காதில் புள்ளி வைத்து ஊசியை எடுத்தார். ஒரு வாரமாக ஆப்பில் நான் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து என்று. அந்த நேரம் பார்த்து இந்தப் பாழாய்ப்போன போன் நின்றுவிட்டது. இடம் இல்லையாம், எதையாவது அழி என்கிறது. எதை அழிப்பது? குனிந்து தடவிக்கொண்டே இருந்தேன். நல்ல நேரம் போகிறது என்று பத்தர் ஒரு காதைக் குத்திவிட்டார். அடுத்ததையும் குத்திவிட்டார்.

சத்தமே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மிதுனா என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாயை இறுக்கி மூடியிருக்கிறாள். முகம் குங்குமமாகச் சிவந்திருக்கிறது. காதில் ரத்தம் ஒரு சொட்டு இறங்குகிறது. சுற்றி நின்ற சனம் எல்லாம் "அட, புள்ள அழுகவே இல்லையே, தைரியசாலி" என்று மெச்சுகிறது. அண்ணன் மட்டும் மெச்சவில்லை. அவன் தொடையில் வேட்டிக்கு மேலேயே அவள் நகம் பதிந்திருந்ததாம்.

அதற்குள் எதையெதையோ அழித்துப் போனைச் சரிசெய்துவிட்டேன். பத்தரிடம், "ஐயா, குத்தவேண்டாம், ஊசியச் சும்மா காதுகிட்டப் புடிங்க" என்று கேட்டேன். இதில் என்ன தப்பு? கல்யாணத்தில் போட்டோக்காரன் சொன்னால் மாப்பிள்ளை இன்னொரு தடவை தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லையா? போனைத் தூக்கினேன். மிதுனா அழுதாள். அப்பா, என்ன அழுகை! அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. மெச்சிய சனம் வாயை மூடிக்கொண்டது.

நான் போனை இறக்கினேன். நிறுத்திவிட்டாள்.

அண்ணன் மிதுனாவை அவள் அப்பா கையில் கொடுத்துவிட்டு எழுந்தான். என்னிடம் வந்து, "அம்மணி, நம்மூட்டுல மாடு கன்னக்கூட இப்படிப் பழக்க மாட்டமே" என்றான். கிடா விருந்தில் இலை போட்டுக் காத்திருக்கிறார்கள், தாய்மாமன் கை நனைக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இவர் வீட்டுச் சனத்துக்கு முன்னால் என் மானம் போச்சு. உடன்பிறந்தவன் செய்கிற காரியமா இது?

பிப்ரவரி 10, செவ்வாய்

இருபது லட்சம்!

பிப்ரவரி 16, திங்கள்

யாரோ ஒரு நாசமாய்ப்போகிறவன் கோயிலில் நின்று எடுத்திருக்கிறான். மிதுனா அழாமல் இருந்ததையும், நான் போனைத் தூக்கியதும் அழுததையும் ஒட்டிப் போட்டிருக்கிறான். அடியில் 'ஓவர் ஆக்டிங் பாப்பா' என்று எழுதி, பின்னால் ஒரு கோமாளி மியூசிக். என்னுடைய வீடியோவைவிட அதற்குத்தான் கூட்டம். பேய், பிசாசு என்று என்னையும் பிள்ளையையும் பேசுகிறார்கள். எழுதக் கை கூசுகிற வார்த்தையெல்லாம் நாலு வயதுப் பிள்ளையைச் சொல்கிறார்கள். போன மாசம் அக்கா என்றவர்களும் அதில் இருக்கிறார்கள்.

மிதுனாவோடு படிக்கிற எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. வேனில் வரும்போது ஒரு வாண்டு, "ஓவர் ஆக்டிங், அழுது காட்டு" என்றானாம். "நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன். "அம்மா இல்ல, போன் இல்லன்னு சொன்னேன்" என்றாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று வீடியோ போடவில்லை. தலைவலி.

பிப்ரவரி 24, செவ்வாய்

அவர் வாரத்தில் நாலு நாள் கம்பெனியிலேயே படுத்துக்கொள்கிறார். ஷிப்ட்மென்ட் அவசரமாம். இருக்கும், மாசிக்கு ஆர்டர் அதிகம்தான். நேற்று வந்தபோது, அந்த ஆப்பை எடுத்துவிடு, குடும்பத்துக்குப் புண்ணியமாகப் போகும் என்றார். எடுக்கமாட்டேன் என்றேன். எடுத்தால் அந்த நாசமாய்ப்போனவன் போட்டதுதான் மிச்சம் நிற்கும். என் மகள் நல்லவள் என்று காட்டவாவது நான் போட்டாகவேண்டும். அவருக்கு இது புரியவில்லை. எனக்கும் காலையில் புரிந்த மாதிரி இருந்தது, இப்போது எழுதும்போது புரியவில்லை.

பயமாக இருக்கிறது. கண்ணை மூடினாலும் விரல் மேலே தள்ளுகிறது. ஒருவராவது நல்லதாக எழுதியிருப்பாரா என்று பார்க்கிறேன். பார்த்து முடிப்பதற்குள் சோறு குழைந்துவிடுகிறது.

மார்ச் 3, செவ்வாய்

ஒரு பாவாடை சட்டைக் கடைக்காரர் மிதுனாவுக்கு உடுப்பும் பெரிய ஜிமிக்கியும் அனுப்பியிருக்கிறார். போட்டு ஒரு வீடியோ எடுத்தால் போதுமாம். இத்தனை ஏச்சுக்கு நடுவில் ஒரு மனுசன் நம்மை மதிக்கிறான் என்று கண்ணே கலங்கிவிட்டது. தோட்டைக் கழற்றி ஜிமிக்கியைப் போட்டேன். ஒரு காது கொஞ்சம் தடித்திருந்தது, திருகு இறங்கவில்லை, தேங்காயெண்ணெய் தொட்டு இறக்கினேன். மிதுனா சும்மா நின்றாள். வலித்தால் சொல்லியிருக்கமாட்டாளா? சிரிக்கிற வீடியோ என்று சொல்லியிருந்தேன், அழகாகச் சிரித்தாள்.

மார்ச் 5, வியாழன்

மிதுனாவுக்கு உடம்பு கதகதவென்று இருக்கிறது. வெயில் ஏறிவிட்டதல்லவா. சிரப் கொடுத்தேன். தலை சீவ விடமாட்டேன் என்கிறாள். முடி காதை மூடியிருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது, விட்டுவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். டைரியை ஏன் பையில் போட்டுக்கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு பேபிக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓர் இழை போயிருந்தாலும் கண்டுபிடிக்கிற மனுசி. காலையில் முறுக்கு கொண்டுவந்தவர் மிதுனாவைத் தூக்கி முத்தம் கொடுத்தார். அப்படியே முடியை விலக்கிப் பார்த்தார். "தாரணி, புள்ள காது சீ கோத்து நாறுதே, உனக்கு மூக்கில்லையா?" என்றார். ஜிமிக்கித் திருகு சதைக்குள் போய்விட்டது. கன்னம் வரைக்கும் வீங்கியிருக்கிறது. பேபிக்காதான் ஆட்டோ பிடித்தார், அவருக்குப் போன் செய்தார்.

டாக்டரம்மா தொட்டதும் முகத்தைச் சுளித்தார். இது நாலைந்து நாள் வலி, பெரியவர்களே தாங்கமாட்டார்கள், பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லையா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அழவில்லையா என்றார். இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதமுடியாது.

அப்புறம் மிதுனாவிடம் குனிந்து, "நான் அமுக்கறப்ப வலிச்சா அழுவணும், சரியா தங்கம்?" என்றார். மிதுனா தலையாட்டினாள். என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்.

"எப்படி அழுகட்டும்மா? கோழிக்குஞ்சுக்கு அழுத மாதிரியா, அப்பாவுக்கு அழுத மாதிரியா?"

மிதுனாவின் அப்பா அப்போதுதான் கம்பெனி உடுப்போடு உள்ளே வந்தார். கேட்டுவிட்டார். அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

மார்ச் 10, செவ்வாய்

ஆபரேசன் முடிந்தது. காது மடலில் அடிப்பக்கம் அழுகிப்போனதை எடுத்துவிட்டார்கள். இனி அந்தக் காதில் தோடு போடமுடியாது. நான்தான். நான்தான் செய்தேன், வேறு யாரும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

அண்ணன் வந்தான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. மிதுனாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். போகும்போது அவரிடம் மட்டும் பேசினான். கொஞ்ச நாளைக்குப் பிள்ளை காங்கேயத்தில் இருக்கட்டும் மாப்பிள்ளை என்றானாம். யோசிக்கிறேன் என்று சொன்னாராம். என்னிடம் இதை ஒரு தகவல் போலச் சொன்னார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளையை மட்டும் அனுப்பாதீங்க, இனி போனைத் தொடமாட்டேன் என்றேன். இன்னொரு தடவை பார்த்தேன் என்றால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றார். சரி என்றேன்.

ஆப்பை அழித்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

குளித்துத் துணி மாற்ற வீட்டுக்கு வந்த இடத்தில் மறுபடி ஆப்பைப் போட்டேன். கமெண்டை மட்டும் பார்க்கலாம் என்றுதான். "பாப்பா எங்கே? பாப்பா அழுகிற வீடியோ போடுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். மறுபடி அழித்துவிட்டேன். போனையே அணைத்துப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அவருக்குத் தெரியாது.

மார்ச் 18, புதன்

மிதுனாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. தினமும் சாயங்காலம் கட்டுப் பிரித்து மருந்து வைக்கவேண்டும். பஞ்சு புண்ணோடு ஒட்டிக்கொள்கிறது, பிய்த்துத்தான் எடுக்கவேண்டும். எனக்கே உயிர் போகிறது. மிதுனா அழுவதில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள், உதட்டில் பல் பட்டு இன்னொரு புண். "அழுடி கண்ணு, அம்மாகிட்ட அழு, அம்மா பாத்துட்டுத்தானே இருக்கறேன்" என்றேன். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மார்ச் 20, வெள்ளி

மடியில் போட்டுத் தாலாட்டினேன். நானே அழுது காட்டினேன். பேபிக்கா வந்து, அழுதால் வலி பாதியாகக் குறைந்துவிடும் தங்கம் என்று கெஞ்சிப் பார்த்தார். மரக்கட்டையாகக் கிடக்கிறாள். தூக்கத்தில் மட்டும் பல்லை நறநறவென்று கடிக்கிறாள். ஒரு பிள்ளையை அழவைக்கத் தெரியாத தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 21, சனி

சாயங்காலம் கட்டுப் பிரித்தேன். பஞ்சோடு சதையும் கொஞ்சம் வந்துவிட்டது, ரத்தம் கொட்டுகிறது. மிதுனாவுக்கு உடம்பெல்லாம் உதறுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலமாகிவிட்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. உலுக்கினேன், மூச்சை விட்டாள். விட்டதும் சொன்னாள்.

"அம்மா, போன எடு."

"எதுக்குச் சாமி? இனிமே வீடியோ வேண்டாம்னு அம்மா சொன்னேனில்ல?"

"எனக்கு அழுகணும்மா."

பருப்பு டப்பாவைத் தள்ளி எடுத்தேன். அணைத்து வைத்த போன், சுத்தக் கறுப்பு. அதை அவள் முகத்துக்கு நேரே தூக்கினேன். மிதுனா அழுதாள். ஐயோ, அது இத்தனை நாளும் நான் கேட்ட அழுகையே இல்லை. காதுக்கும் அழுதாள், விரலுக்கும் அழுதாள், எதற்கெதற்கோ அழுதாள். அம்மா, வலிக்குதும்மா, வலிக்குதும்மா என்று சொல்லிச் சொல்லி அழுதாள். வாரி எடுத்து நெஞ்சில் போட்டுக்கொள்ள எனக்குக் கை பரபரத்தது. கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன். அழுகை அங்கேயே நின்று, கண் என் கையைத் தேடியது. மறுபடி தூக்கிக்கொண்டேன். தோள்பட்டை விட்டுப்போனாலும் இறக்கக்கூடாது, அவள் அழுது முடிக்கட்டும் என்று நின்றேன்.

செருப்புச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ரத்தம் வழிகிற காதோடு பிள்ளை அழுகிறாள், முன்னால் நான் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். "இப்பவுமா தாரணி?" என்றார்.

போன் ஓடவில்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் மிதுனாவுக்கும் கேட்கும். கேட்டால் நிறுத்திவிடுவாள். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய், பஞ்சு வைத்துக் காதை அழுத்திப் பிடித்து, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். என் கையும் போனும் அவள் கண்ணுக்கு மறைந்தது. அழுகை அந்த நிமிசமே நின்றுவிட்டது.

கட்டு மாற்றி, துணிமணி எடுத்துக்கொண்டு, காங்கேயம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். நான் பின்னாலேயே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஓடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. ஜன்னலோரம் மிதுனா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பாதிதான் அழுதிருந்தாள்.